மடி வந்தால் பாட்டு முடியும்

1

போன சனிக்கிழமை இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு பையன் தள்ளுவண்டியோடு வந்தான். செம்பட்டைத் தலை, மூஞ்சி முழுக்கப் புள்ளி. என்னைப் பார்த்ததும் வண்டியை விட்டான். "மடி!" என்று ஒரே கத்து. கத்திய வேகத்தில் பொத்தென்று தரையில் உட்கார்ந்தான்.

அவன் அம்மா பதறிப்போய்விட்டாள். கடையில் வேலை செய்யும் பெண் ஓடி வந்தாள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது அவளுக்குத் தெரியும். "இவனுக்கு வலிப்பு ஏதாவதா?" என்பதுபோல என்னைப் பார்த்தாள். நானோ கையிலிருந்த பால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நானும் "மடி!" என்றேன். என்ன செய்வது, விதி அப்படி. ஒருவர் சொன்னால், காதில் விழுந்தவர் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

என் மனைவி கலா எங்களைத் தாண்டி, யாரோ எவரோ என்பதுபோல உருளைக்கிழங்குப் பக்கம் போய்விட்டாள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், மழைக்கோட்டு போட்ட ஒரு பையன் எதற்காக 'மடி' என்று தமிழில் கத்தவேண்டும்? ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் மகள் இனியா நான்காம் வகுப்பு படிக்கிறாள். பத்து வயது. அந்த வகுப்புக்கு இந்தப் பருவத்தில் உலக நாடுகளின் பாரம்பரிய இசையும் பண்பாடும் பாடம். பெற்றோர்களில் விருப்பமுள்ளவர்கள் வாரம் ஒருநாள் வந்து தங்கள் ஊர் இசையைச் சொல்லித்தரலாம் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தது. கலா என்னைக் கேட்காமலே 'சரி' என்று பதில் போட்டுவிட்டாள்.

"எனக்கு என்ன சங்கீதம் தெரியும்?" என்று எகிறினேன்.

"வலை இழுக்கிறப்போ நான் பாடினா கரையே கேக்கும்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து பீத்திக்கிறீங்களே. போய்ப் பாடுங்க" என்றாள். அவள் அச்சரப்பாக்கத்துத் தமிழாசிரியர் மகள். நான் முட்டுக்காட்டுக்குத் தெற்கே கடலோரக் குப்பத்துக்காரன். எங்கள் வீட்டில் 'இன்னா', 'கீது' இரண்டுக்கும் தடை. பிள்ளை கெட்டுப்போய்விடுமாம்.

பிள்ளை கெட்டுப்போக முதலில் தமிழ் பேசவேண்டுமே! இனியாவுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் இறங்காது. நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் இந்த ஊர் ராகத்தில். 'அப்பா' எப்போதோ 'டாட்' ஆகிவிட்டது. சின்ன வயதில் என் மடிதான் அவளுக்குச் சோபா. டிவி பார்ப்பது, பால் குடிப்பது, தூங்குவது எல்லாம் அங்கேதான். ஒருநாள் சோபாவின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள். கலாவிடம் சொன்னால் "வளர்ற பொண்ணு, என்ன பண்ணுவா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வகுப்புக்கு வரப்போகிறேன் என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். இரண்டு நாள் கழித்து, யோசித்து வைத்திருந்த நிபந்தனைகளோடு வந்தாள். வகுப்பில் அவளிடம் தமிழில் பேசக்கூடாது. 'கண்ணு' என்று கூப்பிடவே கூடாது. மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் அவளையும் நடத்தவேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நான் அவள் அப்பா இல்லை.

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல? பாட்டு எப்படிப் போனாலும் போகட்டும், அந்த வகுப்பில் என் மகள் என்னால் தலைகுனியாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அவளுக்கு நான் வெட்கக்கேடு ஆகிவிட்டேனோ என்ற பயம் ராத்திரி ட்யூட்டியில்கூட என்னோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

பாட்டுக்கு முன்னால் காகித வேலை. பிள்ளைகள் நடுவே போக இங்கே போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். பிறந்ததிலிருந்து இருந்த முகவரி எல்லாம் எழுதவேண்டும். எங்கள் குப்பத்து வீட்டுக்குக் கதவு எண் ஏது? 'அம்மன் கோயிலுக்குப் பின்னால், ஐஸ் கம்பெனிக்கு எதிரில்' என்று எழுதினேன். தெருவின் பெயர் என்ன என்று மின்னஞ்சல் வந்தது. தம்பி வேலுவுக்குப் போன் போட்டேன்.

"தெருவா? மணலுக்குப் போயி இன்னா பேரு வெக்கிறது? பீச் ரோடுன்னு போட்டு வுடு அண்ணாத்த" என்றான். போட்டேன். அனுமதி வந்துவிட்டது!

3

அடுத்தது பாட்டைப் பொறுக்கி எடுக்கும் வேலை. ஊரில் பெரிய வலை இழுப்பதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. படகில் போய்க் கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வருவார்கள். வலையின் இரண்டு கயிறும் கரையில். இரண்டு கூட்டமாக நின்று, பின்னால் அடி வைத்து அடி வைத்து இழுக்கவேண்டும். ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் குரல் கொடுத்து ஒரு இழுப்பு இழுப்பார்கள். வலையின் கடைசியில் பை மாதிரி இருக்கும் பகுதிதான் மடி. மீன் அதற்குள்தான். நர்சிங் படிக்கிறபோது காலையில் வலை இழுத்துவிட்டுத்தான் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அந்த வேலைக்காக நான் ஏங்கவெல்லாம் இல்லை, உள்ளங்கை தோல் உரிகிற வேலை அது. ஆனால் வரி எடுத்துக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

"அத்தப் போயி வெள்ளக்காரப் புள்ளைங்களுக்கா?" என்று வேலு விழுந்து விழுந்து சிரித்தான். "நீ எடுத்துக் குடுத்ததுல பாதி கெட்ட வார்த்த. படகுக்காரன் வேட்டி, மீன்காரன் மாமியாரு... எத்தச் சொல்லித் தரப்போற?"

உண்மைதான். வலைக்காரனைக் கிண்டல் பண்ணாமல் எங்கள் கரையில் கயிறு நகராது. கலா பக்கத்தில் உட்கார்ந்து சுத்தபத்தமாகச் சில வரிகள் கட்டிக் கொடுத்தாள். 'மழை வந்தா கொடை எங்கே?', 'டீச்சர் வந்தா சத்தம் எங்கே?' என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பதில் 'ஏலே இழு!'

அதையும் வேலு விடவில்லை. "இழுவா? நம்ம எப்ப இழுத்தோம்? இஸ்துகினுதான கீறோம். 'ஏலே இஸு'ன்னு சொன்னாத்தான் கயிறே நகரும்!"

போனை ஸ்பீக்கரில் போட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டேதான் அவனோடு பேசுவேன். சமையலறை மேசையில் இனியா ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருப்பாள். தலையை நிமிர்த்தவே மாட்டாள்.

முதல் நாள் வகுப்பு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இசை ஆசிரியை ஓர்லா பியானோ முன்னால். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், எதைச் சொன்னாலும் "அருமை" என்று சொல்லும் பெண். சிதார் கொண்டுவராததில் அவருக்குச் சின்ன ஏமாற்றம். இனியா மூலையில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. நானும் பேச்சுக்குக்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒரு அதிசயம் சொல்லவேண்டும். 'ழ' இந்தப் பிள்ளைகளுக்கு லட்டு மாதிரி வந்தது! இந்த ஊர் ஆங்கிலத்தில் 'ர'வை நாக்கை மடித்துத்தான் சொல்கிறார்கள். "ஏலே இழு" என்று அவர்கள் சொன்னதை என் மாமனார் கேட்டிருந்தால் கண்ணில் தண்ணீர் விட்டிருப்பார். எங்கள் குப்பத்தில் ஒருத்தன் வாயிலும் வராத எழுத்து.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர்லா பியானோவை நிறுத்திவிட்டுக் கேட்டார், "இந்தப் பாட்டு எங்கே முடிகிறது?"

"முடியாது" என்றேன்.

"முடியாதா? எல்லாப் பாட்டும் முடியுமே!"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ காலை பாடியிருக்கிறேன், ஆனால் இதற்குக் கடைசி வரி என்று ஒன்று கிடையாது. "மடி வந்தால் பாட்டு முடியும்" என்றேன்.

"மடி என்றால்?"

ஆங்கிலத்தில் அதற்கு வார்த்தை தெரியவில்லை. பையா, மூட்டையா? கையால் காற்றில் எதையோ வரைந்துகொண்டிருந்தேன். ஓர்லா என்னை விட்டுவிட்டு மூலைக்குத் திரும்பினார். "இனியா, உனக்குத் தெரியுமா?"

அவள் முகம் சிவந்துபோனது. அவளுக்குத் தெரிந்தது ஒரே மடிதான். தன் தொடையைத் தட்டிக் காட்டி, ஆங்கிலத்தில், "இது. உட்காருகிற இடம்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தச் செம்பட்டைத் தலை ஃபியன் மட்டும் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி யோசித்தான். எழுந்து நின்றான். தன் தொடையைக் குனிந்து பார்த்தான். "இப்போ மடி இல்லை" என்றான். உட்கார்ந்தான். "இப்போ வந்துவிட்டது!"

உடனே எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். மடி போனது, வந்தது, போனது, வந்தது. "அப்படியானால் கடைசியில் எல்லோரும் உட்காரவேண்டும்!" என்று ஓர்லா கைதட்டினார். "எவ்வளவு அழகான முடிவு! அருமை!"

இல்லை டீச்சர், அது வேற மடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது என் கண், பார்க்கக்கூடாத மூலையைப் பார்த்துவிட்டது. இனியாவின் இரண்டு பக்கமும் பிள்ளைகள். "இன்னொரு தடவை சொல்லு, மடி, சரியா?" என்று ஒருத்தி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இனியா திருத்திக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

4

வீட்டுக்கு வந்தால் மனசு அரித்தது. பாரம்பரியத்தைச் சொல்லித்தரப் போனவன், தப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தம்பியிடம் கொட்டினேன்.

"இதுல தப்பு இன்னா கீது?" என்றான் வேலு. "மடி கரைல ஏறுனதும் நம்ம இன்னா பண்றோம்? நின்னுகினா இருப்போம்? இடுப்பு வுட்டுப் போயி, அப்புடியே பொத்துன்னு மணல்ல குந்திக்கறோம். மீனு எவ்ளோன்னு பாக்கக்கூட ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். அந்தப் புள்ள கரெக்டாத்தான் சொல்லிக்கீது."

அட! ஆமாம். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அடுத்த பேஜாரு, கயிறு. வெறுங்கையோடு பாடினால் பாட்டு சவசவ என்றிருந்தது. பாரம் இல்லாமல் குரல் வராது. விளையாட்டு அறையில் கயிறு இழுக்கும் போட்டிக்கான கயிறு ஒன்று தடிமனாகக் கிடந்தது. அதை எடுக்க ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்பவேண்டும் என்றார்கள். கயிற்றினால் என்னென்ன ஆபத்து, அதைத் தவிர்க்க என்ன செய்வீர்கள், பாரத்தின் எடை என்ன. பாரமாக எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் டாய்ல் வந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். "நான் மீனாக இருக்கிறேனே" என்றார் குஷியாக. ஜிம் மெத்தையில் அவரை உட்காரவைத்து இழுப்பது என்று முடிவானது. படிவத்தில் எடை எழுதவேண்டுமே, சொல்லுங்கள் என்று ஓர்லா கேட்டதும் மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு எண்ணைச் சொன்னார். இருபது வருஷமாக நோயாளிகளைத் தூக்கி உட்காரவைக்கிறவன் நான். அந்த எண்ணை நம்பவில்லை.

வலையைப் பற்றி ஒன்றே ஒன்றைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நடுவில் பாட்டு நிற்கக்கூடாது. பாட்டு நின்றால் கை தளரும், கை தளர்ந்தால் கயிறு கடலுக்குத் திரும்பிப் போய்விடும்.

இனியா வீட்டில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வகுப்பில் கயிற்றின் நடுவில் நின்றாள், இழுத்தாள், மடி என்று உட்கார்ந்தாள். என்னை 'மிஸ்டர் சேகர்' என்று கூப்பிட்டாள். நானும் "நன்றாக இழுத்தாய்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்.

5

பருவக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி. பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் கலா, பட்டுப்புடவை, மேலே மழைக்கோட்டு. எங்களுக்கு அடுத்தது போலந்துக்காரர்களின் நடனம். அவர்கள் பூப்போட்ட பாவாடையோடு ஓரமாகத் தயாராக நின்றார்கள்.

டாய்ல் மெத்தையில் ஏறி, அட்டையில் செய்த வாலைக் காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் வரி எடுத்தேன். "மழை வந்தா கொடை எங்கே?" "ஏலே இழு!" மெத்தை நகர்ந்தது. "டீச்சர் வந்தா சத்தம் எங்கே?" "ஏலே இழு!" இன்னும் கொஞ்சம்.

பாதி வழியில் நின்றுவிட்டது. மெத்தையின் ஓரம், தரையில் பதித்திருந்த தகட்டில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறார்கள், வரவில்லை. நான் இருந்த வரியெல்லாம் பாடினேன். கலா கட்டிக்கொடுத்த கடைசி வரியும் தீர்ந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால், பதற்றத்தில் அந்தச் சுத்தபத்தமான வரிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்து நின்றது அத்தனையும் கரையில் பாடினது. படகுக்காரன் வேட்டி. மீன்காரன் மாமியார். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் கலா. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள்.

என் குரல் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். போச்சு, மானம் போச்சு, என் மகள் எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்கப்பா தொண்ட எங்க போச்சி?"

கயிற்றின் நடுவிலிருந்து வந்த குரல். ஒரு நொடி யார் என்றே தெரியவில்லை. அப்படி ஒரு குரலை நான் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. அவளே பதிலும் கொடுத்தாள். "ஏலே இஸு!"

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் வேகம் புரிந்தது. "ஏலே இஸு!" என்றார்கள்.

"பெரிய மீனு இன்னா துன்னிச்சி?"

"ஏலே இஸு!"

"ரொட்டி துன்னிச்சா, வண்டி துன்னிச்சா?"

"ஏலே இஸு!"

வலைக்காரனை விட்டுவிட்டுத் தலைமையாசிரியரைப் பிடித்துக்கொண்டாள்! என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் அந்த மனிதரும் வாலை ஆட்டிக்கொண்டு சிரித்தார். கலாவைப் பார்த்தேன். 'இன்னா'வுக்குத் தடை போட்டவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். சிரிப்பா அழுகையா, அவளுக்கே தெரிந்திருக்காது. தலையை நிமிர்த்தாமல் ஹோம்வொர்க் எழுதின பெண், என் தம்பியின் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் வாங்கி வைத்திருக்கிறாள்!

நானும் கயிற்றைப் பிடித்தேன். ஒரு இஸுப்பு. தகட்டை விட்டு மெத்தை துள்ளி வெளியே வந்தது. டாய்ல் மல்லாந்து விழுந்து, அப்படியே எங்கள் காலடிக்கு வந்து சேர்ந்தார்.

"மடி!"

பொத்பொத்தென்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். கயிற்றின் கடைசியில் நானும் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. கைதட்டல் காதை அடைத்தது. இனியா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறாள், அடி ஏதும் பட்டுவிட்டதா என்று பயந்து எழப்போனேன். அவள் கயிற்றைத் தாண்டி, ஃபியனைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தாள்.

"கால மடக்குப்பா" என்றாள். தமிழில். எல்லோருக்கும் கேட்கும்படி.

மடக்கினேன். உட்கார்ந்தாள்.

பத்து வயதுப் பெண், கனமாகத்தான் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போக ஆரம்பித்தது. டாய்ல் வாலைக் கழற்றிக்கொண்டு போனார். பிள்ளைகள் கயிற்றைச் சுருட்டினார்கள். போலந்துக்காரர்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அசையவில்லை. அவளும் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

ஓர்லா குனிந்து, மெதுவாகக் கேட்டார், "மிஸ்டர் சேகர், பாட்டு முடிந்துவிட்டது, இல்லையா?"

"முடிந்துவிட்டது டீச்சர்" என்றேன். "மடி வந்துவிட்டது."